ஐந்தாம் மலை ஆட்டுக்குட்டி

ஜனவரி 9

அன்புள்ள சில்லுவுக்கு,

பாட்டி ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நானும் உன் அம்மாவும் சௌக்கியம். என் முழங்கால் மட்டும் எங்களோடு ஒத்துப்போகாமல் தனிக்குடித்தனம் நடத்துகிறது; அதை விடு.

முதலில் நம் வீட்டுப் பிள்ளைகளின் சேதி. உன் பெரிய மாமா மகன் கப்பலில் இரண்டாம் என்ஜினியர் ஆகிவிட்டான். தோளில் இன்னொரு பட்டை ஏறியிருக்கிறதாம். அவன் தங்கை பல் டாக்டருக்குப் படித்து முடித்து முதல் பல்லையும் பிடுங்கிவிட்டாள். பல்லைக் கொடுத்தவர் அவள் அப்பாவேதான். வலிக்கவே இல்லை என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சொல்கிறார். சின்ன மாமாவின் இரட்டைகளில் மூத்தவள் ஓட்டப் பந்தயத்தில் கோப்பை வாங்கினாள். இளையவள் வரைந்த யானையைப் பள்ளிக்கூட வாசலிலேயே மாட்டியிருக்கிறார்கள். ஐந்து கால் தெரிகிறதே என்றேன், ஒன்று தும்பிக்கையாம். எல்லாருக்கும் மேலே நீ. ஊர் உலகமெல்லாம் விளையாடுகிற அந்த ஆட்டுக்குட்டி விளையாட்டின் ஒன்பதாம் பாகத்தில் ஒரு முழு மலையையே நீ செய்கிறாய் என்று உன் அம்மா சொன்னதும், படியிறங்கிப் போய்க் கீழ்க்கடையில் சாவி வெட்டுகிற சாவிக்காரரிடம் சொல்லிவிட்டுத்தான் மூச்சு விட்டேன்.

"மலையைச் செய்யறாங்களா? எதுலம்மா, சிமெண்ட்டுலயா?"

"டிவியில தம்பி."

"அப்ப இடிஞ்சாலும் யாருக்கும் அடிபடாது. நல்ல வேலைதான்."

சின்ன வயதில் நீ அந்த டிவி முன்னால் சோற்றை மறந்து உட்கார்ந்திருப்பாய். அதில் அப்படி என்னதான் இருக்கிறது என்று எனக்குப் புரிகிற மாதிரி எழுது. போனில் நீ பேசுவது பாதிதான் காதில் ஏறுகிறது. கடிதம் என்றால் திரும்பத் திரும்பக் கேட்கலாம்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.
பாட்டி


ஜனவரி 21

அன்புப் பாட்டிக்கு,

நான் நலம். வேளைக்குச் சாப்பிடுகிறேன், வேளைதான் கொஞ்சம் முன்னே பின்னே ஆகிறது. முழங்காலுக்கு அந்தத் தைலத்தைத் தேய்க்கிறாயா, இல்லை அலமாரிக்குக் காவல் வைத்திருக்கிறாயா?

புரிகிற மாதிரி எழுதச் சொன்னாய். கழுத்தில் மணி கட்டிய ஓர் ஆட்டுக்குட்டி. அதற்கு ஓடத் தெரியும், குதிக்கத் தெரியும். அதை மலை உச்சிக்கு ஏற்ற வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. அம்மா கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே ஜனங்கள் இதை விளையாடுகிறார்கள். ஏன் இவ்வளவு பிடிக்கிறது என்று கேட்டால் எங்கள் ஆபீசில் ஆளுக்கொரு பதில்.

இதுவரை என் வேலை பிழை பிடிப்பது. ஆடு சுவருக்குள் மாட்டிக்கொள்கிறதா என்று நாள் முழுக்க முட்ட விட்டுப் பார்ப்பேன். இப்போதுதான் எங்கள் குழுத் தலைவர் முதன்முறையாக ஒரு மலையை என்னை நம்பிக் கொடுத்திருக்கிறார். என் மலையில் ஓர் எழுத்துகூட வராது. எப்படி ஏறுவது என்று மலையே சொல்லித்தரும். அது தலைவருக்குப் பிடிக்கவில்லை. "புதுசா வர்றவங்க ரெண்டு தடவை விழுந்தா எழுந்து போயிடுவாங்க. ஒவ்வொரு எடத்துலயும் 'இப்ப குதி, இப்ப நில்லு'ன்னு ஒரு குரல் வரட்டும்" என்கிறார். மார்ச்சில் வெளியாட்களைக் கூப்பிட்டு விளையாடச் சொல்லப் போகிறோம். அவர்கள் எழுந்து போகாமல் இருந்தால் என் மலை அப்படியே நிற்கும். போய்விட்டால் குரல் வரும். நான் பழையபடி சுவரில் முட்டப் போவேன்.

ஓர் உதவி. பரணில் நீல அட்டைப்பெட்டிக்குள் என் பழைய விளையாட்டு மெஷினும் ஆட்டுக்குட்டியின் முதல் பாகமும் இருக்கின்றன. ஆபீசில் அதன் புதுப் பிரதி இருக்கிறது. ஆனால் பழைய பெட்டியில் அந்த ஆடு குதிக்கிற குதியே வேறு. அதைக் கையில் பிடித்துப் பார்த்தால் எனக்கு ஏதாவது பிடிபடும். சீக்கிரம் அனுப்பி வை.

முத்தங்களுடன்,
சில்லு


பிப்ரவரி 3

அன்புள்ள சில்லுவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். தைலம் தேய்க்கிறேன், அலமாரிக்கு இப்போது காவல் இல்லை.

பெட்டி கிடைத்தது. சாவிக்காரர் ஏணி கொண்டுவந்து இறக்கிக் கொடுத்தார். நான் கயிற்றைத் தேடிக்கொண்டிருக்கும்போது, "ஓடுதான்னு பாக்க வேணாமாம்மா? செத்த பெட்டியைப் பார்சல் கட்டி என்ன பிரயோஜனம்?" என்றார். நியாயம்தானே? அவரே ஒயரைத் துடைத்து டிவியில் மாட்டினார். பொத்தானை அமுக்கினதும் ஆடு மணியை ஆட்டிக்கொண்டு வந்து நின்றது. என்னைத்தான் பார்த்தது.

ஓடுகிறது. நன்றாகவே ஓடுகிறது. பார்சல் ஆபீசுக்குப் போனேன். வரிசை வெளிப்படிவரை நின்றது. முழங்காலை வைத்துக்கொண்டு நிற்க முடியுமா? அடுத்த வாரம் கட்டாயம்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். புல்மலையில் வருகிறதே அந்த நத்தை, அது நடப்பது நத்தைக்கு உண்டான நடையா? சோதித்துப் பார்த்தபோது கண்ணில் பட்டது, அதனால் கேட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு.
பாட்டி


பிப்ரவரி 13

அன்புப் பாட்டிக்கு,

நலம். நீயும் நலம்தான் என்று நினைக்கிறேன், ஏனென்றால் பகலில் போன் செய்தால் நீ எடுப்பதே இல்லை என்று அம்மா சொல்கிறாள். பெட்டி இன்னும் வரவில்லை. மார்ச் நெருங்குகிறது. வரிசை குறைந்ததா?

அவசரத்தில்,
சில்லு


பிப்ரவரி 24

அன்புள்ள சில்லுவுக்கு,

கடவுள் புண்ணியத்தில் சௌக்கியம். உன் அம்மாவுக்குத்தான் ஆஸ்பத்திரி நர்ஸ் வேலையில் வார்டு மாற்றியிருக்கிறார்கள், கால் கடுக்க நிற்கிறாள்.

பெட்டி விஷயம். திங்கட்கிழமை மழை. செவ்வாய் கயிறு இல்லை. புதன்கிழமை கயிறு வந்தது, ஆனால் உள்ளே பஞ்சு வைத்துக் கட்டாவிட்டால் உடைந்துவிடும் என்று சாவிக்காரர் சொல்லிவிட்டார். பஞ்சு நல்லதாகக் கிடைக்கவில்லை. பழைய தலையணையைப் பிரிக்கலாம் என்றால் உன் அம்மா சண்டைக்கு வருவாள். எனக்கு மட்டும் அனுப்பக் கூடாது என்று வேண்டுதலா?

போகட்டும். பனிமலையில் ஒரு வழுக்குப்பாலம் வருகிறதாம். அதில் நின்று குதிப்பதா, ஓடிவந்து குதிப்பதா? எனக்கு இல்லை. சாவிக்காரர் கேட்டு எழுதச் சொன்னார். பாவம், அதையே நினைத்துக்கொண்டு இரண்டு சாவியைத் தப்பாக வெட்டிவிட்டார்.

உடனே பதில் போடு. அவர் காத்திருக்கிறார்.
பாட்டி


மார்ச் 6

அன்புப் பாட்டிக்கு,

நான் நலமே. சாவிக்காரரிடம் சொல்: நின்று குதித்தாலும் விழுவார், ஓடிவந்து குதித்தாலும் விழுவார். மீதியை அவரே பார்த்துக்கொள்ளட்டும். பெட்டியும் அங்கேயே இருக்கட்டும். அவருக்கு ஆகிறதே.

முதல் கூட்டம் வந்துபோனது. கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். மூன்று பேர் என் மலையின் பாதியில் எழுந்து போனார்கள். ஒருவர் கன்ட்ரோலரை மேசையில் போட்ட சத்தம் இந்தப் பக்கம் வரை கேட்டது. ஏப்ரலில் இன்னொரு கூட்டம், அதோடு முடிவு என்று தலைவர் சொல்லிவிட்டார். வேறு எழுத ஒன்றுமில்லை. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன்.

எனக்காக ஒன்று மட்டும் கேட்டு எழுது. சாவிக்காரர் ஏன் இன்னும் விடாமல் விளையாடுகிறார்? விழும்போது அவருக்குக் கோபம் வரவில்லையா?

சில்லு


மார்ச் 16

என் செல்லச் சில்லுவுக்கு,

உன் கடிதம் வழக்கத்தில் பாதிகூட இல்லை. முத்தமும் இல்லை. நீ தூங்குகிறாய் என்பதை நான் நம்பவில்லை.

சாவிக்காரர் விளையாடவில்லை. முதல் பள்ளத்திலேயே ரிமோட்டை என்னிடம் கொடுத்துவிட்டார், பார்ப்பதோடு சரி. விளையாடுவது நான்தான். எழுதிவிட்டேன், போ.

உன் அம்மாவுக்குத் தெரிந்தால் 'இந்த வயசில் ஆடு மேய்க்கிறாள்' என்று ஆஸ்பத்திரி முழுக்கச் சொல்லிச் சிரிப்பாள் என்று மறைத்தே வைத்திருந்தேன். நேற்று அவள் சொல்லாமல் சீக்கிரம் வந்துவிட்டாள். கதவைத் திறந்தால், டிவியில் ஐந்தாம் மலை, சாவிக்காரர் "ஆந்தை வருதும்மா, ஆந்தை!" என்று கத்துகிறார், நான் ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்து நிற்கிறேன்.

"என்னம்மா நடக்குது இங்க?"

"ஒண்ணுமில்லடி. மெஷின் ஓடுதான்னு சோதிச்சுப் பாக்கறோம்."

"ஒன்றரை மாசமாவா?"

சாவிக்காரர் கடையைத் திறந்துபோட்டு வந்ததாகச் சொல்லி ஓடியே போய்விட்டார்.

ஏன் விடாமல் விளையாடுகிறாய் என்றால் எனக்கு எடுத்துச் சொல்ல வராது. நடந்ததை எழுதுகிறேன். பெரிய பள்ளத்துக்கு முன்னால் சின்னதாய் ஒரு பள்ளம் இருக்கிறது. அதில் விழுந்தால் ஏறி வந்துவிடலாம். எந்தப் பொத்தானை அமுக்கினால் குதிக்கும் என்று அங்கே விழுந்துதான் தெரிந்துகொண்டேன். திரையில் எழுதியிருப்பதெல்லாம் நான் படித்த ஐந்தாம் வகுப்பில் வராத பாஷை. இருந்தாலும் யாரோ பக்கத்திலேயே நடந்து வருகிற மாதிரி இருக்கிறது.

கோபம் வராமல் என்ன? வரும். ஆனால் யார்மேல் வருவது? நான் அமுக்கினபோதுதான் ஆடு குதித்தது. என் விரல் முந்திவிட்டது. அடுத்த தடவை முந்தாது பார் என்று தோன்றும். அந்த 'பார்' என்பதிலேயே பொழுது சாய்ந்துவிடும். மூன்றாம் மலையில் அருவி ஒன்று இருக்கிறதே, அதற்குப் பின்னால் என்ன என்று சும்மா நுழைந்தேன். உள்ளே ஓர் அறை. வேறொன்றும் இல்லை, பூப் பூத்திருக்கிறது, மெல்லியதாய் ஒரு பாட்டு. யாரோ ஒரு மனுஷர், இங்கே ஒருத்தி எட்டிப்பார்ப்பாள் என்று நினைத்து மெனக்கெட்டுப் பூ வைத்திருக்கிறார். அன்று முழுக்க எனக்கு விருந்துக்குப் போய்வந்த மாதிரி இருந்தது.

ஒன்றுதான் சிரமம். உன் அம்மா வருவதற்குள் பிளக்கைப் பிடுங்கிப் பெட்டியில் போட்டுவிடுவேன். மறுநாள் பார்த்தால் ஆடு பழையபடி முதல் மலையடியில் நிற்கும். நானும் முதலிலிருந்து ஏற்றிக்கொண்டு போவேன். எல்லாருக்கும் அப்படித்தானே? மலைக்கு மலை ஒரு மரப்பலகை நிற்கிறதே, அது என்ன, கடை போர்டா? வழியில் இடைஞ்சல். தாண்டித்தான் போகிறேன்.

நன்றாகத் தூங்கு. இது பாட்டியின் உத்தரவு.
பாட்டி


மார்ச் 25

என் தங்கப் பாட்டிக்கு,

நான் நலம், இந்தத் தடவை நிஜமாகவே. உன் கடிதத்தை ஆபீஸ் மாடிப்படியில் நின்று படித்தேன். நான் சிரித்த சிரிப்பில் இரண்டு பேர் எட்டிப்பார்த்தார்கள்.

அது கடை போர்டு இல்லை, பாட்டி. அந்தப் பலகையில் ஆட்டை ஒரு முட்டு முட்டவிட்டால், அதுவரை வந்த வழியை மெஷின் ஞாபகம் வைத்துக்கொள்ளும். மறுநாள் அங்கிருந்தே ஏறலாம். எல்லாரும் அப்படித்தான் ஏறுகிறோம். நீ அதைத் தாண்டிக் குதித்துவிட்டு, தினமும் புல்மலையிலிருந்து ஐந்தாம் மலைவரை ஒரே மூச்சில் போயிருக்கிறாய்! எங்கள் ஆபீசில் அப்படிச் செய்தவர் யாரும் இல்லை. நான் கேட்டுப் பார்த்துவிட்டேன்.

நேராகத் தலைவரிடம் போனேன். "அடுத்த கூட்டத்துக்கு ஒரு ஆள் இருக்கு சார். திரையில வர்ற எழுத்து ஒண்ணுகூடப் படிக்கத் தெரியாது. புது மெஷினைத் தொட்டதில்ல. எங்க பாட்டி."

"பாட்டியா? உன்மேல இருக்கற பாசத்துல கடைசிவரைக்கும் உக்காந்திருப்பாங்க."

"உக்காருவாங்க சார். ஆனா பாசத்தை வெச்சுப் பள்ளத்தைத் தாண்ட முடியாதே."

கூட்டத் தேதியைப் பார்த்தார். பிறகு வரச்சொல்லிவிட்டார். மற்ற வெளியாட்களும் இருப்பார்கள். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம்தான் நிற்பேன், உன்னோடு பேசக் கூடாது. பாட்டி, நீயும் எழுந்து போனாய் என்றால் என் மலை போச்சு. அதற்காகப் பிடிக்காததைப் பிடித்த மாதிரி உட்காராதே. ரயில் டிக்கெட் இதோடு இருக்கிறது.

முத்தம், முத்தம், முத்தம்.
சில்லு


ஏப்ரல் 1

அன்புள்ள சில்லுவுக்கு,

சௌக்கியம். வருகிறேன். நல்ல புடவைக்கு இஸ்திரி போட்டாகிவிட்டது.

பலகை விவகாரம் தெரிந்ததும் சாவிக்காரர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். நேற்று முட்டிப் பார்த்தேன். இன்று ஆடு ஐந்தாம் மலையடியிலேயே தயாராக நின்றது. ஆனாலும் கைக்குத் தூக்கம் கலையவில்லை. புல்மலையில் ஒரு நடை போய்விட்டுத்தான் வந்தேன். ஐந்தாம் மலை ஆந்தை இன்னும் என் ஆட்டைக் கவ்விக்கொண்டுபோய்க் கீழே போடுகிறது. திரும்பி வந்து அதைக் கவனித்துக்கொள்கிறேன்.

உன் மலை எனக்குப் பிடிக்காவிட்டால் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன். அதற்கும் தயாராக இரு.
பாட்டி


ஏப்ரல் 24

என் பாட்டிக்கு,

ஊர் போய்ச் சேர்ந்து அலுப்பெல்லாம் தீர்ந்ததா? நான் நலம் என்று எழுதினால் அது குறைச்சல்.

ரயிலில் ஏற்றிவிடும்போது என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று கேட்டாய். அன்று தலைவர் முடிவைச் சொல்லவில்லை, அதனால் நானும் ஆபீசில் கொடுத்த பிஸ்கட்டைப் பற்றிப் பேசி ஒப்பேற்றினேன். நேற்று முடிவு வந்தது. சொல்கிறேன், ஆனால் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நடந்ததிலிருந்து.

உன் இடதுபக்கம் உட்கார்ந்திருந்தாரே பஸ் டிரைவர், அவர் என் மலையில் ஊசலாடுகிற மரக்கட்டையில் விழுந்து, கன்ட்ரோலரை வைத்துவிட்டு மணி பார்த்தார். அந்தக் கல்லூரிப் பெண் போனை எடுத்துவிட்டாள். தலைவர் தாளில் ஏதோ குறித்தார். நான் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டேன். அதே நேரம் நீயும் அதே கட்டையில் விழுந்தாய். ஒலிபெருக்கியில் உன் குரல்: "அட, நீ என்னடா பண்ணுவ, நான்தானே அவசரப்பட்டேன். சரி வா, வா." டிரைவர் திரும்பிப் பார்த்தார். மறுபடி விழுந்தாய். மறுபடி. பிறகு ஆட்டைக் கட்டைக்கு முன்னால் சும்மா நிறுத்திவிட்டு, கட்டை ஆடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாய். "ஓஹோ! அது வரட்டும்னு நிக்கணுமா!" ஒரே தாவு. கை தட்டினாய், தெரியுமா? உனக்கு நீயே.

அந்தக் கட்டைக்கு முன்னால் நான் ஒரு வண்ணத்துப்பூச்சி வைத்திருக்கிறேன், பாட்டி. அது சிறகை விரிக்கும்போதெல்லாம் கட்டை வரும்; நின்று பார்ப்பவர்களுக்கு மட்டும் அந்த நேரம் தெரியட்டும் என்று. யார் கண்ணிலும் படவில்லையே என்று மாதக்கணக்காக அழுதிருக்கிறேன்.

டிரைவர் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தார். "எப்படிம்மா தாண்டினீங்க? சொல்லுங்க."

நீ சொன்னது: "சொல்ல மாட்டேன் தம்பி. சொல்லிட்டா அது நான் தாண்டினதா ஆயிடும். நீங்க தாண்டுங்க. நான் பாத்துக்கிட்டிருக்கேன்."

தலைவர் பேனாவை மூடிவிட்டார். கல்லூரிப் பெண் போனைப் பைக்குள் போட்டாள். நேரம் முடிந்தது என்று ஆள் உள்ளே போனபோது டிரைவர், "டிப்போவுக்கு யாராச்சும் போன் பண்ணி நான் லேட்டா வர்றேன்னு சொல்லுங்க" என்று திரையைவிட்டுக் கண் எடுக்காமல் சொன்னார். யாருமே எழுந்திருக்கவில்லை, பாட்டி. ஒருவர்கூட.

நேற்றுத் தலைவர் என் மேசைக்கு வந்தார். "குரல் கொடுக்க ஒரு ஆள் பேசி வெச்சிருந்தேன். வேணாம்னு சொல்லிட்டேன். உன் மலை அப்படியே போகுது. இன்னொரு மலையும் நீயே பண்ணிடு" என்றார். கூடவே, "உங்க பாட்டி வேலைக்கு வருவாங்களா?" என்றும் கேட்டார். வரமாட்டார்கள், அவர்களுக்கு ஓர் ஆந்தையோடு கணக்கு இருக்கிறது என்றேன்.

நமஸ்காரங்களுடன்,
உன் மலைக்காரி


மே 5

என் மலைக்காரிக்கு,

ஆசீர்வாதம். நான் சுகம், உன் அம்மா சுகம், முழங்கால்கூட இந்த வாரம் ராசியாகிவிட்டது.

உன் கடிதத்தைச் சாவிக்காரருக்கு வாசித்தேன். அவர் கடைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் வாசிக்கச் சொன்னார். பூட்டுத் திறக்கவில்லை என்று அவசரமாக வந்த மனுஷர்கூட முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் போனார். உன் அம்மாவோ ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். சாயங்காலம் அது வார்டு முழுக்கக் கைமாறி, நான்கு மடிப்பு எட்டு மடிப்பாகத் திரும்பி வந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆந்தையை முடித்தேன். உன் அம்மாவுக்கு லீவு. "கொஞ்ச நேரம் பாக்கறேன்" என்று சோபா ஓரத்தில் உட்கார்ந்தவள் கடைசியில் தரைக்கு வந்துவிட்டாள். ஆந்தை இறங்குவதற்கு முன்னால் அதன் நிழல் இறங்குகிறது; அது எனக்குத் தெரிய இத்தனை மாதம் ஆயிற்று. நிழல் வந்தது, நின்றேன். போனது, தாவினேன். உன் அம்மா போட்ட கூச்சலில் சாவிக்காரர் கையில் சுத்தியலோடு ஓடிவந்தார்.

உச்சியில் என்ன இருந்தது தெரியுமா? ஒன்றும் இல்லை! தங்கமும் இல்லை, ராஜாவும் இல்லை. ஆடு உட்கார்ந்து மணியை ஒரு தடவை ஆட்டிவிட்டுக் கீழே பார்த்தது. நாங்களும் பார்த்தோம். ஏறிவந்த ஐந்து மலையும் கடைசிவரை தெரிந்தது. "இவ்வளவு தூரமாம்மா வந்தே?" என்றாள் உன் அம்மா. ஆமாம் என்றேன். இத்தனை வருஷத்தில் 'ஆமாம்' என்று இவ்வளவு சத்தமாக நான் சொன்னதில்லை.

இப்போது இரண்டாம் பாகம் வேண்டும். அது எந்தப் பெட்டியில் இருக்கிறது?

இன்னொன்று. வருகிறவர்களுக்கெல்லாம் நான் காட்டுகிற போட்டோவில் நீ முன்பல் இல்லாமல் நிற்கிறாய். "இந்தப் பொண்ணா மலை செஞ்சா?" என்று கேட்கிறார்கள். ஆபீஸ் மேசையில், உன் மலை பின்னால் தெரிகிற மாதிரி, பல் தெரியச் சிரித்து ஒரு புதுப் போட்டோ எடு. போனில் அனுப்பாதே, அது எனக்குச் சின்னதாகத் தெரிகிறது. கடையில் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, மடங்காமல் அட்டை வைத்துத் தபாலில் அனுப்பு. சாவிக்காரர் கடைக்கும் சேர்த்து இரண்டாக அனுப்பு.

பாட்டி